12 மணி நேர ‘புல்டு போர்க்’ குக்கரில் ஒரே மணி நேரத்தில் எப்படி? பன்றிக்கறி பயத்தில் எவ்வளவு உண்மை?

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் சாலையில் இருக்கிறது பிரம்மதேசம். அங்கிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் வெள்ளை வெள்ளையாக உப்பளங்கள், அதைத் தாண்டினால் கடல். அத்தை வீடு அங்கேதான். போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பையில் ஒரு கிலோ வெண்பன்றிக் கறியும், மொபைலில் ஒரு வீடியோவுமாக அங்கே போய் இறங்கினேன். வீடியோவில் ஒரு அமெரிக்கர் பெரிய கறித்துண்டை வெறும் முள்கரண்டியால் தொட, அது பஞ்சுமிட்டாய் மாதிரி பிரிந்து விழுகிறது. பெயர் ‘புல்டு போர்க்’. சமைத்த நேரம் 12 மணி நேரம்!

“12 மணி நேரமா? கேஸ் என்னாத்துக்கு ஆவுறது?” என்று சிரித்த அத்தை, கறி எதுவென்று தெரிந்ததும் முகம் மாறிவிட்டார். “இத இந்த வூட்டு குக்கர்ல வேக வெக்காத கண்ணு.”

காரணம் எனக்குத் தெரியும். அத்தை பையனுக்குப் பத்து வயதில் திடீரென்று வலிப்பு வந்தது. ஸ்கேன் எடுத்தார்கள். மூளையில் சின்னதாக ஒரு நீர்க்கட்டி. “பன்றிக்கறி சாப்பிட்டா வர்ற புழு” என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், அந்த வீட்டில் அதுவரை பன்றிக்கறி அடுப்பேறியதே இல்லை. இருந்தும் ஊரில், பள்ளியில், சொந்தத்தில் “எங்கடா சாப்ட்ட?” என்ற கேள்வி அவனை வருஷக்கணக்கில் துரத்தியது. அவனே ஒருநாள், “நான் தெரியாம எங்கயாவது சாப்ட்டுட்டேனோ” என்று அழுதிருக்கிறான்.

ஆக, இந்தக் கட்டுரையில் ரெண்டு கேள்விகள். ஒன்று, 12 மணி நேரச் சமையலைக் குக்கர் எப்படி ஒரு மணி நேரத்துக்குச் சுருக்குகிறது? இரண்டு, அந்தப் பையன் மேல் விழுந்த பழி நியாயமானதா? ரெண்டுக்கும் பதில் இருக்கிறது. வாங்க, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதல்ல, புல்டு போர்க்னா என்ன?

அமெரிக்காவின் தென் மாநிலங்களில், குறிப்பாக வட கரோலினா பக்கம், பிரபலமான உணவு இது. பன்றியின் முன் சப்பையை முழுசாக எடுத்து, உப்பும் மசாலாவும் தடவி, விறகுப் புகையில் சுமார் 110 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துவிடுவார்கள். கறியின் உள்சூடு மெதுவாக ஏறி 90-ஐத் தாண்டி, 95 டிகிரியை நெருங்கும்போது எடுப்பார்கள். அதற்குள் 10 முதல் 14 மணி நேரம் ஓடிவிடும். பிறகு கையாலோ முள்கரண்டியாலோ நார் நாராகப் பிரித்து, வினிகர் கலந்த சாஸ் ஊற்றி, பன்னுக்குள் வைத்துச் சாப்பிடுவார்கள். பிய்த்து எடுப்பதால் அந்தப் பெயர்.

இதில் முக்கியமான விஷயம், எந்தப் பாகம் என்பது. பன்றியின் முன் சப்பை நாள் முழுக்க உடம்பின் எடையைத் தாங்கி நடக்கிற பாகம். அதனால் அதில் இணைப்புத் திசு அதிகம். ‘கொலாஜன்’ என்கிற புரதம்தான் அந்தத் திசுவைக் கயிறு மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிறது. அவசரத்தில் வறுத்தால் ரப்பர் செருப்பைக் கடிப்பது போல இருக்கும். பொறுமையாக வேகவைத்தால் கதையே வேறு.

கறிக்குள் நடப்பது என்ன?

ஆட்டுக்கால் சூப் ஆறினால் ஜெல்லி மாதிரி உறையும் இல்லையா? அதுதான் இங்கேயும் நடக்கிறது. ஈரமும் சூடும் சேர்ந்தால் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாறும். 70 டிகிரியைத் தாண்டினால் இந்த மாற்றம் சூடு பிடிக்கும். சூடு கூடக்கூட வேகமும் கூடும். கயிறு கரைந்துவிட்டால் கறி நார்கள் ஒன்றை ஒன்று விட்டுவிடும். பிய்ப்பது சுலபம்.

ஆனால் இன்னொரு பக்கம், சூடு ஏற ஏறக் கறியின் தசை நார்கள் சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அப்படியென்றால் கறி வறண்டுதானே போகணும்? கோழியின் நெஞ்சுக்கறியை இப்படி வேகவைத்தால் அப்படித்தான் ஆகும். முன் சப்பை தப்பிப்பதற்குக் காரணம், கரைந்த ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் நார்களுக்கு நடுவே பூசிக்கொள்வதுதான். வாயில் நமக்குத் தெரிகிற ‘சாஃப்ட்’ அதுதான்.

அதனால் கடையில் “கொழுப்பே இல்லாம கொடுங்கண்ணே” என்று கேட்டு வாங்கினால், இந்தச் சமையல் சொதப்பும்.

குக்கர் நேரத்தைத் திருடுவது எப்படி?

திறந்த பாத்திரத்தில் தண்ணீர், கடல் மட்டத்தில் 100 டிகிரியில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு தீயைக் கூட்டினாலும் தண்ணீர் ஆவியாகுமே தவிர, சூடு ஏறாது. மூடியை இறுக்கி ஆவியை உள்ளேயே அடைத்தால் அழுத்தம் கூடும். அழுத்தம் கூடினால் கொதிநிலையும் கூடும். வீட்டுக் குக்கரில் வெளிக்காற்றைவிடச் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் ஒரு கிலோ அழுத்தம் அதிகமாகும்போது, உள்ளே தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியைத் தொடும்.

புகையடுப்பின் சூடும் 110 டிகிரிதானே, பெரிய வித்தியாசம் இல்லையே என்று தோன்றலாம். அங்கே 110 டிகிரியில் இருப்பது காற்று. காற்று சூட்டை மெதுவாகத்தான் கடத்தும். அதோடு, கறியின் மேல் ஈரம் ஆவியாகி, வியர்வை நம் உடம்பைக் குளிர்விப்பது மாதிரி, கறியையும் குளிர்வித்துக்கொண்டே இருக்கும். அதனால் பாதி வழியில் பல மணி நேரம் கறியின் சூடு ஏறாமல் அப்படியே நிற்கும். குக்கருக்குள் இருப்பது நெருக்கி அடைத்த நீராவி. அது கறியைத் தொட்ட நிமிஷமே சூட்டைக் கொட்டிவிடும்; ஆவியாகிக் குளிர வழியும் இல்லை. நேரம் சுருங்கும் ரகசியம் இதுதான்.

இங்கே பிரம்மதேசம், மரக்காணம் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு சின்ன லாபமும் உண்டு. நாம் கடல் மட்டத்தில் இருக்கிறோம். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே குக்கருக்குள் எட்டும் சூடும் சில டிகிரி குறையும். அதே கறி, அதே குக்கர் என்றாலும் ஊட்டியில் கூடுதலாகச் சில நிமிடங்கள் ஆகும்.

எலும்பை உருக்கப் பிறந்த பாத்திரம்

குக்கர் சாதம் வைக்கக் கண்டுபிடித்தது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதன் முதல் வேலையே இறைச்சியும் எலும்பும்தான். பிரான்ஸில் பிறந்த தெனி பாப்பான் என்கிற விஞ்ஞானி, 1679-ல் லண்டனின் ராயல் சொசைட்டிக்கு ஆவிப் பாத்திரம் ஒன்றைச் செய்து காட்டினார். கடினமான எலும்பையும் மெத்தென்று ஆக்கிவிடும் பாத்திரம் அது. 1682-ல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதில் சமைத்து ஒரு விருந்தே நடந்தது. பாத்திரம் வெடித்துவிடாமல் இருக்க அழுத்தத்தை வெளியேற்றும் வால்வையும் அவரே பொருத்தினார். இன்று நம் வீட்டில் விசிலடிக்கும் வெயிட்டுக்கு அதுதான் கொள்ளுத்தாத்தா.

இந்தியாவில் குக்கர் வீட்டுச் சாமானாக மாறியது 1950-களின் கடைசியில். ஹாக்கின்ஸ் நிறுவனம் 1959-ல் தொடங்கியது. அதே காலகட்டத்தில், சென்னையில் டி.டி.கிருஷ்ணமாச்சாரி தொடங்கிய டிடிகே குழுமம் பிரெஸ்டீஜ் குக்கரைத் தயாரிக்க ஆரம்பித்தது. பிறகு நாட்டில் குக்கர் வெடிக்கும் சம்பவங்கள் வந்தபோது, குழுமத்தின் தலைவராக இருந்த டி.டி.ஜெகந்நாதன், சென்னை ஐஐடியில் படித்த பொறியாளர், காரணத்தைத் தேடினார். சந்தையில் கிடைத்த தரமற்ற உதிரி பாகங்கள் பெரிய காரணமாக இருந்தன. பாதுகாப்பு வால்வு ஒன்று போலி என்றால், உருக வேண்டிய நேரத்தில் அது உருகாது. அதற்கு மாற்றாக வந்ததுதான் மூடியின் ஓரத்தில் நாம் பார்க்கும் சின்னத் திறப்பு. அழுத்தம் எல்லை மீறினால், ரப்பர் கேஸ்கட் அந்தத் திறப்பு வழியாகப் பிதுங்கி ஆவியை வெளியே விட்டுவிடும்.

இது ஏன் இந்தக் கட்டுரையில்? சாதத்துக்கு மூணு விசில், பருப்புக்கு நாலு விசில் என்று பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறக்கும் குக்கரை, இங்கே முக்கால் மணி நேரத்துக்கு மேல் அடுப்பில் வைக்கப் போகிறோம். அதனால் குக்கர் சரியாக இருப்பது ரொம்பவே முக்கியம்.

அடுப்பில் ஏற்றும் முன் குக்கரைப் பாருங்க

● ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா? வீட்டுக் குக்கருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 2347. 2021 பிப்ரவரி முதல் இந்த முத்திரை கட்டாயம். முத்திரை இல்லாத குக்கர்களை விற்க இடம் கொடுத்ததற்காக, 2022-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அமேசானுக்கு ஒரு லட்சம் ரூபாய் அபராதம் விதித்து, 2,265 குக்கர்களைத் திரும்பப் பெறச் சொன்னது.

● வெயிட் உட்காரும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க. மறுபக்கம் தெரியணும். போன வாரப் பருப்பு அதில் ஒட்டிக்கொண்டிருந்தால் ஊசியால் குத்திச் சுத்தம் செய்யுங்க.

● கேஸ்கட் விறைத்தோ விரிசல் விட்டோ இருந்தால் மாற்றிவிடுங்க. கேஸ்கட்டும் வால்வும் அந்தந்த கம்பெனியுடையதாகவே இருக்கட்டும். பத்து, இருபது ரூபாய் மிச்சம் பிடிக்கும் இடம் இது இல்லை.

● குக்கரில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீங்க.

● தண்ணீர் போதுமான அளவு இருக்கணும். கேஸ் அடுப்புக் குக்கர் ஆவியைத் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். தண்ணீர் வற்றினால் முதலில் கறி பிடிக்கும், அடுத்து வால்வு உருகும். எத்தனை நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று குக்கரோடு வந்த புத்தகத்திலேயே போட்டிருப்பார்கள்.

விசிலை எண்ணாதீங்க, கடிகாரத்தைப் பாருங்க

“எத்தனை விசில்?” இதுதான் நம்ம ஊர் முதல் கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் விசில் நம்பகமான அளவு இல்லை. தீ பெருசாக இருந்தால் ஐந்து நிமிடத்தில் ஐந்து விசில் அடிக்கும். சிம்மில் இருந்தால் அதே ஐந்து நிமிடத்தில் ஒன்றுகூட வராது. உள்ளே சூடு ரெண்டு நேரத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அடிக்கடி விசில் வந்தால் கறி சீக்கிரம் வெந்துவிடாது. தண்ணீர்தான் சீக்கிரம் வற்றும்.

அதனால் பெரிய தீயில் முதல் விசில் வரட்டும். பிறகு சிம்மில் வைத்து, அங்கிருந்து நேரத்தைக் கணக்கிடுங்க. லேசாக ‘ஸ்ஸ்’ என்ற சத்தமும், அவ்வப்போது ஒரு விசிலும் போதும்.

செய்முறை: பிரம்மதேசம் ஸ்டைல்

இது அமெரிக்கச் செய்முறையின் அச்சு அசல் இல்லை. பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் கருப்பட்டி, வினிகருக்குப் பதில் புளி. பனைமரமும் உப்பும் இந்தக் கடற்கரைக்குப் பஞ்சமில்லாத பொருட்கள்.

தேவையானவை (5 லிட்டர் குக்கருக்கு):

● எலும்பில்லாத முன் சப்பைக் கறி, கொழுப்போடு – 1 கிலோ
● உப்பு – 15 கிராம்
● மிளகு – 2 டீஸ்பூன், சோம்பு – 1 டீஸ்பூன், சீரகம் – 1 டீஸ்பூன் (மூன்றையும் வறுத்துப் பொடித்தது)
● மிளகாய்த்தூள் – 2 டீஸ்பூன், மஞ்சள்தூள் – அரை டீஸ்பூன்
● சின்ன வெங்காயம் – 20, பூண்டு – 10 பல், இஞ்சி – ஒரு துண்டு
● தண்ணீர் – 2 டம்ளர் (சுமார் 400 மில்லி)
● புளி – எலுமிச்சை அளவு, கரைத்தது
● கருப்பட்டி – 30 கிராம், தட்டியது

1. கறியை நான்கு பெரிய துண்டுகளாக வெட்டுங்க. குழம்புக்கு வெட்டுவது போலச் சின்னதாக வெட்டினால் நார் நீளமாக வராது. தோல் இருந்தால் எடுத்துவிடுங்க, கொழுப்பை விட்டுவிடுங்க.

2. உப்பையும் பொடிகளையும் தடவி, மூடி, ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி வையுங்க. உப்பு மெதுவாக உள்ளே இறங்கித் தசைப் புரதத்தைக் கொஞ்சம் தளர்த்தும். வேகும்போது கறி இழக்கும் தண்ணீர் குறையும். நேரமில்லையா, ரெண்டு மணி நேரமாவது.

3. குக்கரில் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, துண்டுகளை எல்லாப் பக்கமும் சிவக்க வறுத்து எடுங்க. குக்கருக்குள் ஈரச்சூடுதான் இருக்கும். கறி அங்கே சிவக்காது. வறுத்த வாசனையை முன்னாடியே ஏற்றிக்கொள்ளணும்.

4. அதே எண்ணெயில் வெங்காயம், இஞ்சி, பூண்டை வதக்கித் தண்ணீரை ஊற்றுங்க. அடியில் ஒட்டியிருப்பதைக் கரண்டியால் சுரண்டிவிடுங்க. அதுதான் ருசி. சுரண்டாமல் விட்டால் அடிபிடிக்கவும் அதுவே காரணமாகும்.

5. கறியை வைத்து மூடுங்க. முதல் விசில் வந்ததும் சிம். அங்கிருந்து 45 முதல் 50 நிமிடங்கள்.

6. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே விடுங்க, குறைந்தது 20 நிமிடம். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றவோ, குழாய்த் தண்ணீரில் காட்டவோ வேண்டாம். அழுத்தம் சட்டென்று இறங்கினால் கறிக்குள் இருக்கும் ஈரம் கொதித்து வெளியேறும், கறி வறண்டுவிடும். கொழுப்பும் குழம்பும் வெயிட் குழாய் வழியாக மேலே பீய்ச்சி அடிக்கவும் வாய்ப்பு உண்டு.

7. திறந்து ஒரு முள்கரண்டியைக் குத்தித் திருப்புங்க. நார் பிரிந்தால் முடிந்தது. பிரியவில்லை என்றால் கறி கெட்டுப்போகவில்லை, கொலாஜன் இன்னும் கரையவில்லை, அவ்வளவுதான். தண்ணீர் அளவைப் பார்த்துவிட்டு இன்னும் 10, 15 நிமிடம் வையுங்க.

8. கறியைத் தட்டில் எடுத்து, ரெண்டு முள்கரண்டியால் பிய்யுங்க. குழம்பில் மேலே மிதக்கும் கொழுப்பில் பாதியை எடுத்துவிட்டு, புளிக்கரைசலும் கருப்பட்டியும் சேர்த்துத் திறந்தபடியே பாதியாகச் சுண்ட வையுங்க. (கருப்பட்டியை முதலிலேயே போட்டால் குக்கர் அடியில் கருகும்.) பிய்த்த கறியை அதில் போட்டுப் புரட்டுங்க.

9. கடைசியாக, சூடான தோசைக்கல்லில் கொஞ்சம் கறியைப் பரப்பி, கிளறாமல் ரெண்டு நிமிடம் விடுங்க. அடியில் மொறுமொறுப்பு வரும். புகையடுப்பில் கிடைக்கும் கருத்த மேல்தோலுக்கு நம்ம ஊர் மாற்று.

புகை வாசனை வேணுமா? சிரட்டைக் கரித்துண்டு ஒன்றைத் தணலாக்கி, சின்னக் கிண்ணத்தில் வைத்து, கறிப் பாத்திரத்துக்குள் இறக்கி, ஒரு சொட்டு நெய் விட்டு, ஐந்து நிமிடம் மூடி வையுங்க. 12 மணி நேரப் புகைக்கு இது ஈடாகாதுதான். அதைக் குக்கரால் தர முடியாது என்பதை ஒத்துக்கொள்வோம். பரோட்டா, பன், தோசை எதோடும் போகும். மிச்சம் இருந்தால் ரெண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, மறுநாள் ஆவி பறக்கச் சுடவைத்துச் சாப்பிடுங்க.

உப்பு பற்றி ஒரு வார்த்தை. அத்தை வீட்டில் கல்லுப்புதான். ஒரு ஸ்பூன் கல்லுப்பும் ஒரு ஸ்பூன் தூளுப்பும் ஒரே எடை இல்லை. கல்லுக்கு நடுவே காற்று இருக்கும். அதனால்தான் கிராமில் சொன்னேன். இன்னொன்று, பாத்தியிலிருந்து நேராக வாரி எடுத்த உப்பில் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். நேரடி உணவுக்கு விற்கும் உப்பில் அயோடின் சேர்ப்பது 2006 முதல் நாடு முழுக்கக் கட்டாயம். வாங்குவது கல்லுப்பாகவே இருந்தாலும், பாக்கெட்டில் ‘அயோடின் கலந்தது’ என்று இருக்கிறதா பாருங்க.

சரி, அந்தப் புழு விஷயம்?

இப்போ அத்தையின் பயத்துக்கு வருவோம். பயம் கற்பனை இல்லை. ‘டீனியா சோலியம்’ என்ற நாடாப்புழு உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் ஊரில் சொல்லும் கதையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருக்கிறது.

புழுவின் பயணம் இப்படி. வளர்ந்த நாடாப்புழு மனிதனின் குடலில்தான் வாழும். அதன் முட்டைகள் அந்த மனிதனின் மலத்தில் வெளியேறும். திறந்தவெளியில் மேயும் பன்றி அதைத் தின்னும். பன்றியின் தசையில் அரிசி மாதிரி வெள்ளைக் கட்டிகள் உருவாகும். அந்தக் கறியைச் சரியாக வேகவைக்காமல் மனிதன் சாப்பிட்டால், அவன் குடலில் நாடாப்புழு வளரும். இதுவரைக்கும் வயிற்றுச் சமாச்சாரம்தான். மூளை இன்னும் கதைக்குள் வரவில்லை.

மூளையில் கட்டி எப்படி வருகிறது? புழுவின் முட்டை மனித வாய்க்குள் போவதால். குடலில் புழு இருக்கும் ஒருவர் மலம் கழித்துவிட்டுச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சமைக்கிறார், பரிமாறுகிறார். அல்லது மலம் கலந்த தண்ணீர், சரியாகக் கழுவாத பச்சைக் காய்கறி. அந்த வழியாக முட்டை உள்ளே போனால், அது பொரிந்து ரத்தத்தில் கலந்து மூளை வரை போய்க் கட்டியாகும். இதற்கு ‘நியூரோசிஸ்டிசர்கோசிஸ்’ என்று பெயர்.

கவனிச்சீங்களா? கறியில் இருப்பது கட்டி. அதைச் சாப்பிட்டால் வருவது குடல் புழு. மூளைக் கட்டிக்குக் காரணம் மனித மலத்திலிருந்து வரும் முட்டை. வாழ்நாளில் பன்றிக்கறியைப் பார்த்தே இராத, முழு சைவம் சாப்பிடுகிறவருக்கும் இது வரலாம், வருகிறது. அத்தை பையன் எங்கேயும் ‘தெரியாம’ எதையும் சாப்பிட்டிருக்க வேண்டியதே இல்லை.

இந்த விஷயத்தில் உலக அளவில் பேசப்பட்ட ஆய்வுகள் நடந்தது நம்ம வேலூரில். வலிப்போடு வரும் இந்திய நோயாளிகளின் ஸ்கேனில் தெரிந்த சின்னஞ்சிறு கட்டிகளை, ஒரு காலத்தில் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மருந்து கொடுத்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை இந்தப் புழுவின் கட்டிகள் என்பதை நிறுவியதில் வேலூர் சிஎம்சி மருத்துவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2006-ல் வெளியான அவர்களின் இன்னொரு ஆய்வு, வேலூர் மாவட்டத்தில் வலிப்பு நோய் உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்தப் புழுவே காரணம் என்றது. இந்த நோய் பரவலாக உள்ள நாடுகளில் வலிப்பு நோயில் சுமார் 30 சதவீதம் இதனால்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இது தடுக்கக்கூடியது, சிகிச்சையும் உண்டு.

தடுப்பது எப்படி? கழிப்பறை, சோப்புப் போட்டுக் கை கழுவுவது, பன்றியை அடைத்து வளர்ப்பது, கறியை நன்றாக வேகவைப்பது. இந்த நான்கில் கடைசி ஒன்றுதான் சமையலறையில் இருக்கிறது. 60 டிகிரியைத் தாண்டினாலே கட்டியில் இருக்கும் புழுவால் தாக்குப்பிடிக்க முடியாது. முழுத்துண்டுக் கறிக்கு உள்சூடு 63 டிகிரி, பிறகு 3 நிமிட ஓய்வு என்பது அமெரிக்க அரசின் பரிந்துரை. நம் குக்கர் 120 டிகிரியில் முக்கால் மணி நேரம். உண்மையில், புழுவுக்குப் பயப்படுபவர்கள் பன்றிக்கறி சமைக்க இதைவிடப் பாதுகாப்பான பாத்திரம் வீட்டில் இல்லை.

ஒன்றை மட்டும் மறக்காதீங்க. பச்சைக்கறி வெட்டிய பலகையிலேயே வெங்காயம், வெள்ளரி நறுக்கக் கூடாது. அரிசி மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரியும் கறியை வாங்கவே கூடாது.

வெண்பன்றி வேற, தெருப் பன்றி வேறயா?

நெடுஞ்சாலை ஓரம் ‘வெண்பன்றிக் கறி கிடைக்கும்’ என்ற பலகையைப் பார்த்திருப்பீங்க. லார்ஜ் ஒயிட் யார்க்‌ஷயர் போன்ற வெளிநாட்டு இனங்களும் அவற்றின் கலப்பினங்களும்தான் அவை. செங்கல்பட்டு மாவட்டம் காட்டுப்பாக்கத்தில் உள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இந்த வளர்ப்புக்குப் பயிற்சி கொடுக்கிறது. ‘தனுவாஸ் கேபிஎம் கோல்டு’ என்ற கலப்பினத்தையும் உருவாக்கியிருக்கிறது. கொட்டகையில் அடைத்து, மனிதக் கழிவு அண்டாமல் வளர்க்கும்போது மேலே சொன்ன சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். நிறம் காரணமில்லை, வளர்க்கும் விதம்தான் காரணம்.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பற்றியும் கேட்பீங்க. இந்தியாவில் 2020-ல் வடகிழக்கில் உறுதியானது, 2022-ல் வயநாடு, 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டுப்பன்றிகள் என்று வந்தது. பன்றிகளையும் அவற்றை நம்பியிருக்கும் குடும்பங்களையும் அழிக்கும் நோய் அது. மனிதர்களுக்குப் பரவாது.

இது நமக்குப் புது உணவா?

இல்லவே இல்லை. குடகின் பந்திக் கறி, கோவாவின் விண்டாலு, கேரளத்தின் பன்றி உலர்த்தியது, இலங்கையின் கறுத்த பன்றிக் குழம்பு என்று சுற்றுவட்டாரமெல்லாம் இருக்கிறது. அதைவிட முக்கியமானது, சங்க காலத் தொண்டை நாட்டுக் கடற்கரையைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில், கள் காய்ச்சும் பெண்கள் ஆண் பன்றியைக் குழியில் அடைத்து, மாவு ஊட்டிக் கொழுக்க வைத்து, வரும் விருந்தினருக்கு அதன் கறியைக் கள்ளோடு படைக்கும் காட்சி வருகிறது. வெண்பன்றிப் பண்ணைக்காரர் இன்று செய்வதும் கிட்டத்தட்ட அதுதான், மேய விடாமல் அடைத்துத் தீனி போட்டு வளர்ப்பது. அதே கடற்கரையில்தான் மரக்காணமும் இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுதான் என்பது ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம், அவரவர் நம்பிக்கை. அதில் யாரும் யாருக்கும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு நோய்க்குத் தப்பான காரணம் சொன்னால், நோய் போகாது. ஒரு குழந்தையின் மேல் பழி மட்டும் நிற்கும்.

குக்கர் கடைசியில் ஏறியதா?

ஏறவில்லை. அத்தை வீட்டுக் குக்கரை நான் தொடவில்லை. அது அவர் வீடு, அவர் முடிவு. கறியை ஐஸ் பெட்டியில் வைத்துச் சென்னைக்கே எடுத்து வந்து, என் அறைக் குக்கரில்தான் சமைத்தேன். முதல் முறை அரை டம்ளர் தண்ணீரோடு வைத்து அடிபிடித்து, வால்வு உருகி, சமையலறை முழுக்க ஆவி. ரெண்டாவது முறை சரியாக வந்தது. ‘2 டம்ளர்’ என்று மேலே எழுதியிருப்பது அந்த அனுபவத்தில்தான்.

ஆனால் அன்று பிரம்மதேசத்தில், அந்த மதியம், புழுவின் பயணத்தை ஒரு காகிதத்தில் படமாகப் போட்டு அத்தையிடம் காட்டினேன். மனிதன், மலம், பன்றி, மறுபடி மனிதன். அம்புக்குறிகளை விரலால் ரெண்டு தடவை தொட்டுப் பார்த்தார். பக்கத்தில் பையனும் நின்றிருந்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். மாத்திரை நிறுத்தி வருஷங்கள் ஆகின்றன.

“அப்போ இவன் எதையும் சாப்டல?”

“இல்ல அத்தை.”

கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு பையனைப் பார்த்து, “கை கழுவிட்டு வாடா, சாப்பாடு போடறேன். சோப்பு போட்டுக் கழுவு” என்றார்.

அவன் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குழாயடிக்குப் போனான்.